எல்லோரும் சராசரிக்கு மேலே

ஒரு பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது என்பதை அங்கே படிக்கிற பிள்ளைகளைக் கேட்டால் தெரிந்துவிடும். இது எளிய உண்மை. எளிய உண்மைகள் கல்வித்துறைக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் காலம் பிடிக்கும். சேர்ந்த பிறகு அவை எளிமையாக இருப்பதில்லை. எங்கள் உயர்நிலைப் பள்ளிக்கு அது பதினான்கு பக்கச் சுற்றறிக்கையாக வந்தது. ஒவ்வொரு மாணவரும் ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். படிவத்தின் அடியில் இரண்டு வரிக்கு இடம் விட்டு, "வேறு ஏதேனும் கூற விரும்பினால்" என்று அச்சடித்திருந்தார்கள்.

பிள்ளைகள் உள்ளபடியே கூற விரும்பினார்கள். "பதினோரு மணிக்கு மேல் கரும்பலகையில் வெயில் அடிக்கிறது, கடைசி பெஞ்சுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று ஒருவன். "வரலாறு சார் பாடத்தை அப்படியே வாசிக்கிறார், எங்களுக்கும் வாசிக்கத் தெரியும்" என்று ஒருத்தி. "கணக்கு சார் கொஞ்சம் மெதுவாகப் போனால் நாங்களும் கூட வருவோம்" என்று ஏழெட்டுப் பேர்.

கணக்கு வாத்தியார் அதைப் படித்துவிட்டு மறுநாளே மெதுவாகப் போகத் தொடங்கினார். அந்த மகத்தான திட்டத்தால் விளைந்த ஒரே பயன் அதுதான். அதுவும் திட்டத்துக்குத் தெரியாமல் விளைந்தது.

பதினைந்து நாள் கழித்துப் புள்ளிவிவர அதிகாரி மடிக்கணினியோடு வந்தார். இளைஞர். பேசும்போது யாரையும் பார்க்க மாட்டார். திரையில் நிற்கிற வண்ணப் பட்டைகளைத்தான் பார்ப்பார்.

"பிள்ளைங்க கீழே எழுதினதையெல்லாம் பார்த்தீங்களா?" என்று கேட்டார் கணக்கு வாத்தியார்.

"அதெல்லாம் கணினியில ஏறாது சார். எண்ணுக்கு மட்டும்தான் இடம்" என்றவர், தலைமையாசிரியை பக்கம் திரையைத் திருப்பினார். "மொத்தம் இருபத்திரண்டு ஆசிரியர். சராசரி மூணு புள்ளி நாலு. அதுல பதினோரு பேர் சராசரிக்குக் கீழே இருக்காங்க. பாதிப் பேர் மேடம்!"

"அடக் கடவுளே!"

"உங்க பள்ளி மட்டுமில்ல. போற இடமெல்லாம் ஏறக்குறையப் பாதிப் பேர் இப்படித்தான். மாவட்டம் முழுக்கப் பரவியிருக்கு. அடுத்த பருவத்துக்குள்ள எல்லா ஆசிரியரும் சராசரிக்கு மேல வந்தாகணும். வராதவங்களுக்கு இடமாறுதல்."

கணக்கு வாத்தியார் எழுந்தார். படித்த படிப்பு சும்மா விடுமா?

"எல்லாரும் சராசரிக்கு மேல வர முடியாதுங்க."

"ஏன்? முயற்சி பண்ணிப் பார்த்தீங்களா?"

"முயற்சியில வர்ற விஷயம் இல்ல. எல்லாரும் ஏறினா சராசரியும் சேர்ந்து ஏறும்."

"ஏறட்டுமே, நல்லதுதானே?"

"அப்ப மறுபடியும் சில பேர் கீழ நிப்பாங்க."

"அவங்களையும் ஏத்துங்க சார்!"

அதிகாரி தம் குறிப்பேட்டில் 'எதிர்மறை மனப்பான்மை' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

கணக்கு வாத்தியாரின் மதிப்பெண் மூன்று புள்ளி ஒன்று. மாறுதல் வந்தால் மூன்று பஸ் மாறிப் போகிற ஊர். மனைவிக்கு இங்கே தபால் நிலையத்தில் வேலை; ஒரே மகள் இதே பள்ளியில் பத்தாம் வகுப்பு. வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி தட்டை வைத்த ஓசையிலேயே பாதி பதில் வந்துவிட்டது.

"உங்களுக்கு எதுக்குங்க ஊர் வம்பு? சராசரி என்ன உங்க அப்பா வெச்சிட்டுப் போன சொத்தா, யாரும் தொடக் கூடாதுன்னு காவல் காக்க? அவ பத்தாவது படிக்கிற வருஷம். நீங்க எங்கேயோ போய் உட்கார்ந்துட்டா அவளுக்கு யாரு சொல்லிக் கொடுக்கறது?"

மறுநாள் ஆசிரியர் அறையில் கணக்கு வாத்தியார் சாக்பீஸை எடுத்தார். "எல்லாரும் முடியாது. ஆனா இருபத்தொரு பேர் முடியும். இருபத்தொரு பேருக்கு அஞ்சு, ஒருத்தருக்கு மட்டும் பூஜ்யம். நூத்தஞ்சை இருபத்திரண்டால வகுத்தா நாலு புள்ளி ஏழு ஏழு. அந்த ஒருத்தரைத் தவிர அத்தனை பேரும் மேலே!"

கணக்கு அழகாக முடிந்த திருப்தியில் கையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டு திரும்பினார். இருபத்தொரு ஜோடிக் கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. நுணலும் தன் வாயால் கெடும் என்பது தவளைக்கு மட்டும் சொன்ன பழமொழி இல்லை.

"கண்டுபிடிச்சவருக்குத்தானே சார் அந்தப் பெருமை போகணும்?" என்றார் தலைமையாசிரியை, கனிவாக. "மாறுதல் வராம நான் பார்த்துக்கறேன்."

காலைக் கூட்டத்தில் மாணவர்களுக்கு நெறிமுறை விளக்கப்பட்டது. கணக்கு சாருக்குப் பூஜ்யம், மற்ற எல்லோருக்கும் ஐந்து. மற்றபடி அவரவர் மனசாட்சிப்படி சுதந்திரமாகப் போடலாம்.

பட்டைகளைப் பார்த்த புள்ளிவிவர அதிகாரி நெகிழ்ந்துபோனார். "ஒரே பருவத்துல பதினோரு பேர் இருந்த இடத்துல ஒருத்தர்! அந்த ஒருத்தரையும் தூக்கிட்டா உங்க பள்ளி முழுசா சரியாயிடும் மேடம்." தூக்கிவிட்டார். தலைமையாசிரியை பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாரல்லவா? பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

அடுத்த மாதக் கணக்கெடுப்பில் மீதி இருபத்தொரு பேரும் ஐந்துக்கு ஐந்து. சராசரி ஐந்து. ஐந்துக்கு மேல் ஐந்தில்லை.

"என்ன மேடம், ஒருத்தர்கூட சராசரிக்கு மேல இல்லையே! ஒட்டுமொத்தமா விழுந்துட்டீங்களே!" என்று தொலைபேசியில் அலறினார் அதிகாரி.

"விழலைங்க. அதே அஞ்சுதான்."

"அஞ்செல்லாம் எனக்குத் தெரியாது. மேலே இருக்கீங்களா, இல்லையா?"

அங்கே, மூன்று பஸ் தள்ளியிருந்த பள்ளியிலோ, கணக்கு வாத்தியார் கால் வைத்த மாதமே மற்ற அத்தனை ஆசிரியர்களும் சராசரிக்கு மேல் எழும்பிவிட்டார்கள். செய்தி பரவியது. சுற்று வட்டாரத் தலைமையாசிரியர்கள் அவரைத் தேடி வந்தார்கள். "வாரத்துல ஒரு நாள் எங்க பள்ளிக்கும் வந்து பூஜ்யம் வாங்கிட்டுப் போங்க சார், புண்ணியமாப் போகும்." ஒருவர் கார் அனுப்பினார். இன்னொருவர், தம் பள்ளியில் ஏற்கெனவே மோசமான ஆசிரியர்கள் நாலு பேர் இருந்தும் ஒருவரும் பூஜ்யத்துக்கு இறங்க மறுக்கிறார்கள் என்று கண் கலங்கினார்.

கடைசியில் துறையே தலையிட்டு, 'மாவட்டச் சராசரிச் சீரமைப்பாளர்' என்று ஒரு பதவியை உண்டாக்கி அவரை அமர்த்தியது. தலைமையிடம், எங்கள் பள்ளி. தினமும் காலையில் ஒரு பள்ளி, மாலையில் வீடு. இராத்திரிச் சாப்பாடானதும் மகளுக்கு முக்கோணவியல். மனைவி முகத்தில் பழையபடி சிரிப்பு. "பூஜ்யம் வாங்கினாலும் பக்கத்துல இருக்கீங்களே, அது போதும்."

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒன்பதாம் வகுப்பில் எவனோ அவருக்கு மூன்று போடும்வரை.

தலைமையாசிரியை வகுப்பை எழுப்பி நிறுத்தினார். "யாருடா அந்த மூணு?"

நெட்டையன் ஒருவன் மெல்லக் கையைத் தூக்கினான். "மேடம், எனக்கு வட்டம் புரிஞ்சிடுச்சு மேடம். பூஜ்யம் போடக் கை வரல."

அவர் கணக்கு வாத்தியார் பக்கம் திரும்பினார். "புரிய வெச்சீங்களா?"

"வேணும்னு செய்யலீங்க. மெதுவாச் சொன்னேன், புரிஞ்சிடுச்சு. ஒரு மூணு வந்தாலும் நான் கீழேதான் இருப்பேன், கவலைப்படாதீங்க."

"இன்னிக்கு இவனுக்குப் புரியும், நாளைக்கு வகுப்புக்கே புரியும். நீங்க பாட்டுக்கு அஞ்சு வாங்கிட்டா நாங்க இருபத்தொரு பேரும் எங்க போய் நிக்கறது? கொஞ்சமாவது சக ஊழியர்ங்கற எண்ணம் இருக்கா?"

பணியில் கவனம் சிதறியமைக்காக அவருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை போயிற்று. அவரும் இனிமேல் புரியவைப்பதில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

இந்த வெற்றியைக் கண்ட துறை, திட்டத்தை விரிவாக்கியது. ஆசிரியர்களால் முடியுமென்றால் மாணவர்களால் ஏன் முடியாது? வரும் தேர்விலிருந்து ஒவ்வொரு மாணவரும் தம் வகுப்புச் சராசரிக்கு மேல் மதிப்பெண் பெற வேண்டும். பெறாத பிள்ளை வேறு பள்ளிக்கு அனுப்பப்படும். பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம் அவசரமாகக் கூட்டப்பட்டது. தலைமையாசிரியை ஏற்பாட்டை விளக்கினார். விடைத்தாளைத் திருத்தப்போவது ஆசிரியர்கள்தானே? நாற்பது பேருக்கு நூற்றுக்கு நூறு. ஒரே ஒரு பிள்ளைக்குப் பூஜ்யம்.

பெற்றோர்கள் மகிழ்ந்தார்கள். நூறு என்பது யாருக்குக் கசக்கும்?

"இத்தனை வருஷம் கழிச்சு உருப்படியா ஒரு திட்டம்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"என் பையன் புத்தகத்தையே தொடறதில்ல. ஆனா அவனைக் கீழே போடக் கூடாது, சொல்லிட்டேன். மனசு உடைஞ்சிடுவான்" என்றார் தையற்கடை அம்மா.

"அப்போ அந்த ஒண்ணு யாரு?" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். பிறகு மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "தப்பா நினைக்காதீங்க. சார் பொண்ணு இதே வகுப்புதானே? அவங்க குடும்பத்துல இதுல முன்அனுபவமும் இருக்கு."

"ஆமாமா" என்றது அறை, நிம்மதியாக.

கணக்கு வாத்தியாரின் மனைவி அவர் கையை இறுகப் பிடித்தார். அவர் விடுவித்துக்கொண்டு எழுந்து, சாக்பீஸை எடுத்துக் கரும்பலகைக்கு நடந்தார். தலைமையாசிரியை நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். இந்த மனிதர் இப்போது சராசரி என்றால் என்னவென்று சொல்லப்போகிறார், சொன்னால் எல்லோருக்கும் புரிந்துவிடும், எல்லாம் பாழ்.

அவர் ஒன்றும் எழுதவில்லை. சாக்பீஸை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டே வருகைப் பதிவேட்டை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார்.

"கணக்குப்படி யாரா இருந்தாலும் ஒண்ணுதான்" என்றார் மெதுவாக, எல்லோருக்கும் புரியும்படி. "என் பொண்ணுதான்னு இல்ல. இரண்டாவது வரிசையில, ஜன்னல் பக்கம் உட்கார்ற பொண்ணு. அவ வீட்டுலேர்ந்து இன்னிக்கு யாரும் வரல."

அறை முழுவதும் ஒரே நேரத்தில் கை தூக்கியது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எதிர்த்திருக்கக் கூடியவர்கள் இரண்டே பேர். அவர்களுக்கு அன்றைக்கு வேலையில் விடுப்புக் கிடைக்கவில்லை.