இரண்டாம் முறை வந்தவர்

உலகத்தில் எதையும் முதல்முறை செய்பவரால் யாருக்கும் தொந்தரவில்லை. பாவம், பயந்துபோய் ஓரமாக நிற்பார். நூறு முறை செய்தவராலும் தொந்தரவில்லை. அவருக்கு அது சலித்துப்போய் வெகுகாலம் ஆகியிருக்கும். ஆபத்தான பிராணி இந்த இருவருக்கும் நடுவில் உலவுகிறது. அதற்கு இரண்டாம் முறை வந்தவர் என்று பெயர்.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரே ஒரு தடவை விமானத்தில் போய்வந்துவிட்டு, அடுத்த தடவை பக்கத்து இருக்கைக்காரருக்கு பெல்ட் மாட்டிவிடுவாரே, அவர்தான். கனடாவில், எங்கள் வின்னிபெக்கில் இந்த இனம் கொழுத்து வளரும் இடம், ஐஸில் கல்லைத் தள்ளி ஆடும் கர்லிங் ஆட்டத்தின் மன்றம். அதிலும், புதியவர்கள் வந்து ஆடிப் பார்க்கலாம் என்று ஒதுக்கிவைத்திருக்கிற செவ்வாய்க்கிழமை மாலைகள்.

இந்த ஊரில் கர்லிங் கற்றுக்கொள்ள எங்கே போவது என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். நிஜமாக ஆடுகிறவர் தலையைக்கூடத் திருப்பாமல் பதில் சொல்வார்: "எங்க வேணா போங்க. செவ்வாய்க்கெழம போங்க. சுத்தமான ஷூ ஒண்ணு கையில எடுத்துட்டுப் போங்க." அவ்வளவுதான். இரண்டாம் முறை வந்தவரிடம் கேட்டீர்களோ, தொலைந்தீர்கள். கார் கண்ணாடியில் படிந்த பனியில் விரலால் வரைபடம் போட்டு, ஆற்றங்கரை மன்றத்தில் ஐஸ் மந்தம், ரயில் தண்டவாளத்துக்குப் பின்னால் இருப்பதில் ஐஸ் பிரமாதம் ஆனால் காபி மோசம், கடைவீதிப் பக்கம் இருப்பதில் கற்களுக்கு வயசாகிவிட்டது என்று, மூக்கு நுனி மரத்துப்போகும் குளிரில் உங்களை நிறுத்திவைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். அவர் போயிருப்பது ஒரே மன்றத்துக்கு. அதுவும் ஒரே நாள்.

எங்கள் அலுவலகத்தில் சம்பளக் கணக்குப் பார்க்கும் வெண்டல் அப்படிப்பட்டவர். முதல் செவ்வாய்க்கிழமை போய், ஐஸில் கால் வைத்த மாத்திரத்தில் உட்காரும் பகுதி தரையில் மோத விழுந்து, வீடு திரும்பியவர். அடுத்த செவ்வாய் நான் பயந்து பயந்து உள்ளே நுழைந்தபோது, வாசலிலேயே நின்று ஒவ்வொருவரின் ஷூவையும் குனிந்து சோதித்துக்கொண்டிருந்தார். சோதிக்கச் சொன்னது யார்? யாருமில்லை.

"வாங்க வாங்க. மொத தடவையா? பயப்படாதீங்க, நாங்கல்லாம் இருக்கோம்ல" என்றார்.

நான் பயந்தது விழுவதற்காகக்கூட அல்ல. விழுந்து கை உடைந்தால், ஐஸில் கல்லை வழுக்கிவிட்டு அதற்கு முன்னால் துடைப்பத்தால் பெருக்கினேன் என்று ஊருக்கு போன் செய்து எப்படிச் சொல்வது? ஆனால் நவம்பர் தொடங்கி மார்ச் முடிகிற வரை இந்த ஊரில் மனிதர்கள் பேசுவது இந்த ஒரு விஷயத்தைத்தான். ஆடாதவனுக்குச் சுவர்தான் துணை.

வெண்டலின் கவலை இதைவிடப் பெரியது. அவர் மனைவி வீட்டில் கைக்குழந்தையைத் தவிர எல்லோரும் கர்லிங் ஆடுகிறவர்கள். கிறிஸ்துமஸ் விருந்தில் பெரோகி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைத் தட்டு சுற்றி வரும்போது மாமனார் தவறாமல் கேட்பார்: "என்ன மாப்ள, இன்னும் எந்த டீம்லயும் சேரலியா?" கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தட்டை அடுத்த ஆளிடம் தள்ளிவிடுவார். கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது.

இந்த நிலைமையில்தான் டெல்ஃபின் அம்மாள் கைதட்டி எங்களைக் கூப்பிட்டார். எழுபதைத் தாண்டியவர், உலகத்தையே கண்ணு என்று கூப்பிடுகிறவர், செவ்வாயில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர், வியாழக்கிழமை அணி ஒன்றின் கேப்டன்.

"இங்க கேளுங்க கண்ணுங்களா. என் டீம்ல ஒருத்தி மக வீட்டோட இருக்கேன்னு வான்கூவர் போயிட்டா. எப்பவும் மழை பெய்யுற ஊரு, நனையட்டும், எனக்கென்ன. ஒரு எடம் காலியா இருக்கு. இன்னிக்கு உங்கள்ல ஒருத்தர அதுக்குப் புடிச்சிக்கப் போறேன்."

வெண்டலின் காது சிவந்ததைப் பார்த்தேன். மறுகணம் குனிந்து, ஐஸில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, நாடி பார்க்கும் வைத்தியர்போலத் தலையாட்டினார்.

"இன்னிக்கு ஐஸ் ஒரு மாதிரி இருக்கு. நிக்கவே விட மாட்டேங்குது."

டெல்ஃபின் அவர் காலைப் பார்த்தார். "ஐஸு எப்பவும்போலத்தான் இருக்கு கண்ணு. வழுக்குற அட்டைய நீ ரெண்டு கால்லயும் மாட்டிருக்க. ஒரு கால்ல மாட்டணும்."

இதற்கெல்லாம் அசருகிற இனமா? "பாத்தீங்களா" என்று எங்கள் பக்கம் திரும்பினார் வெண்டல். "இந்தத் தப்பத்தான் எல்லாரும் பண்ணுவாங்க. அதுக்காகத்தான் செஞ்சு காமிச்சேன்."

அதற்குப் பிறகு பாடம் ஓடியது. கல்லை எப்படிப் பிடிப்பது, கல் ஏன் கடைசியில் வளைகிறது, அதற்கு முன்னால் பெருக்கினால் ஏன் இன்னும் கொஞ்ச தூரம் போகிறது, எதிர்முனையில் வரைந்திருக்கும் வட்டங்களின் நடுப்புள்ளிக்கு யார் கல் அருகில் இருக்கிறதோ அவருக்கு ஏன் புள்ளி என்று டெல்ஃபின் ஒரு வரி சொன்னால் வெண்டல் பத்து வரி உரை எழுதினார். எல்லாவற்றையும்விட அவருக்குப் பிடித்த பாடம் ஒன்று இருந்தது.

"கவனிங்க, இதுல நடுவர்னு ஒருத்தர் கெடையாது. ஓடுற கல்லுல நம்ம தொடப்பம் பட்டுடிச்சுன்னா நாமளே வாயத் தெறந்து சொல்லிடணும். கல்ல நாமளே எடுத்து ஓரமா வச்சிடணும். எவனும் பாக்கலியேன்னு இருக்கக் கூடாது. அதான் இந்த ஆட்டத்தோட கௌரவம்."

இதை அவர் தனித்தனியாக எல்லோருக்கும் சொன்னார். எனக்கு இரண்டு தடவை. மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் மரிசெல் என்ற பெண்ணுக்கு, அவள் கழிப்பறைக்குப் போகும் வழியில்.

கடைசியில் குட்டியாக ஓர் ஆட்டம். மரிசெலும் வெண்டலும் ஓர் அணி, நான் எதிரணி. யாரும் வாயால் சொல்லாவிட்டாலும், ஜெயிக்கிற பக்கத்திலிருந்துதான் டெல்ஃபின் ஆள் எடுப்பார் என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்தோம். அந்தப் பக்கம் விழுந்து, இந்தப் பக்கம் விழுந்து, ஒருவழியாக ஆட்டம் சமநிலையில் நின்றது. எங்கள் கல் ஒன்று நடுப்புள்ளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பாக்கியிருந்தது மரிசெலின் கடைசிக் கல்.

அவள் தள்ளினாள். அதிசயம், கல் நேராக வந்தது. ஆனால் சோம்பேறித்தனமாக வந்தது. "பெருக்கு! பெருக்கு!" என்று எதிர்முனை வட்டத்திலிருந்து டெல்ஃபின் கூரை அதிரக் கத்தினார். கூடப் பெருக்க வேண்டியவர் பாதி வழியிலேயே வழுக்கி உட்கார்ந்துவிட்டார். வெண்டல் மட்டும் கல்லுக்கு முன்னால் குனிந்து, வீட்டுக்கு விருந்தாளி வரும்போதுகூடப் பெருக்காத வேகத்தில் பெருக்கிக்கொண்டு ஓடினார். நாங்கள் பார்த்ததெல்லாம் அவர் முதுகைத்தான். கல் ஊர்ந்து, தயங்கி, எங்கள் கல்லைத் தாண்டி, சரியாக நடுப்புள்ளியில் நின்றது.

ஒரே கூச்சல். மரிசெல் குதித்தாள், குதித்து விழுந்தாள், விழுந்தபடியே கைதட்டினாள். வெண்டல் மட்டும் குதிக்கவில்லை. துடைப்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பல் வலிக்காரர்போல நின்றார். நான் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுக்கக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போது மரிசெல் எழுந்து வந்தாள். "வெண்டல், எனக்கு ஒரு சந்தேகம். கல்லுல தொடப்பம் பட்டா ஏதோ பண்ணணும்னு சொன்னீங்களே, என்னது அது? மறந்தே போச்சு."

சத்தியமாக அவள் எதையும் பார்க்கவில்லை. சும்மா கேட்டாள். ஆனால் இரண்டாம் முறை வந்தவரிடம் சந்தேகம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அவரை அவராலேயே நிறுத்த முடியுமா?

"நல்ல கேள்வி" என்றார் வெண்டல். கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது. "இப்ப உதாரணத்துக்கு, நான் பெருக்கிட்டே வரேன்னு வச்சுக்குங்க. அந்தா, அந்த நீலக் கோட்டுக்கு ரெண்டடி இந்தாண்ட வரப்ப, தொடப்பத்தோட இடது ஓரம் லேசா, ரொம்ப லேசா, கல்லோட வலது பக்கத்துல ஒரசிடுது. டிக்குனு ஒரு சத்தம். எனக்கு மட்டுந்தான் கேக்கும். அப்ப நான் என்ன பண்ணணும்? வாயத் தெறந்து..."

வாய் திறந்தபடியே நின்றது.

 

"உதாரணமா கண்ணு?" என்றார் டெல்ஃபின். "இல்ல, பட்டுச்சா?"

வெண்டல் நடுப்புள்ளியில் நின்ற கல்லைப் பார்த்தார். அவர் கண்ணுக்கு அதன்மேல் மாமனாரின் பெரோகித் தட்டு தெரிந்திருக்க வேண்டும். "பட்டுச்சு" என்றார். பிறகு, தானே போய், காலால் அந்தக் கல்லை வட்டத்துக்கு வெளியே தள்ளினார். தள்ளும்போதும் சும்மா இல்லை. "இப்படித்தான் தள்ளணும், பாத்துக்குங்க" என்று மெல்லிய குரலில் விளக்கினார்.

நாங்கள் ஜெயித்துவிட்டோம். ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு வாங்கித் தருவது இங்கே வழக்கம் என்பதால் மன்றத்து மாடியிலிருக்கும் பாரில் வெண்டலுக்கு நான் பீர் வாங்கிக் கொடுத்தேன். வழக்கம் எப்படி வந்தது என்று அவர் விளக்கவில்லை. அந்த அளவுக்கு உடைந்துபோயிருந்தார்.

டெல்ஃபின் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "வியாழக்கெழம சாயங்காலம் சீக்கிரம் வந்துடு கண்ணு."

"யாரு, நானா?" என்றேன் நான்.

"நீ இல்ல. இவன்."

வெண்டலுக்குப் புரை ஏறியது. "நானா? நான் தோத்துட்டனே!"

"ஜெயிக்கிறவன எங்க வேணா புடிக்கலாம். தொடப்பம் பட்டா வாயத் தெறந்து சொல்றவன்தான் எனக்கு வேணும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அவர் மத்ததுக்கும் வாயத் தெறப்பாரே" என்றேன்.

"தெரியும் கண்ணு. எல்லாக் கல்லுக்கும் இவனயே பெருக்க விடப் போறேன். அந்த வேலையில மூச்சு வாங்கவே நேரம் பத்தாது."

அப்படியே நடந்தது. வியாழக்கிழமைகளில் வெண்டல் பேசாமல் ஆடுகிறார் என்று கேள்வி. கிறிஸ்துமஸ் விருந்தில் அந்தப் பாக்கியையும் சேர்த்துப் பேசிவிட்டாராம். தட்டை அவர் கையில் கொடுத்த மாமனார், அதைத் திரும்ப வாங்குவதற்குள் பெரோகி ஆறிப்போயிற்றாம்.

நிற்க. இவ்வளவு தூரம் படித்ததில் வழுக்கும் அட்டையை எத்தனை காலில் மாட்ட வேண்டும் என்று உங்களுக்கும் தெரிந்துவிட்டது. ஏன் பெருக்குகிறார்கள், பட்டால் என்ன செய்வது, யார் யாருக்கு பீர் வாங்குவது, எல்லாம் தெரிந்துவிட்டது. நீங்கள் பார்த்திருக்கிற ஐஸ் சர்பத் கடையோடு சரி. அதனால் என்ன? ஒருநாள் டீக்கடைத் தொலைக்காட்சியில் நாலு பேர் பனியில் துடைப்பத்தோடு ஓடுவார்கள். பக்கத்தில் நிற்கிறவர், "என்னங்க இது கூத்து?" என்பார். உங்கள் தொண்டைக்குள் ஒரு அரிப்பு கிளம்பும். "அது வந்து..." என்று ஆரம்பிப்பதற்கு முன், தயவுசெய்து, கடைக்காரரிடம் ஒரு துடைப்பம் கேட்டு வாங்கி, மூச்சு வாங்கப் பெருக்க ஆரம்பித்துவிடுங்கள்.