உள்ளது உள்ளபடி

வெர்னா அம்மாளின் கார் கடனுக்கு வங்கி "முடியாது" என்று பதில் அனுப்பியிருந்தது. அந்தக் காரை விற்ற கடையின் விற்பனையாளன் வெஸ்லி, கணினித் திரையில் அதை மறுபடி ஒருமுறை படித்தான். அம்மாள் புதுக் காரை வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு போய் ஒரு வாரமாகிறது. கடன் எப்படியும் வந்துவிடும் என்று சாவியை முன்கூட்டியே கொடுத்தனுப்புவது கார் கடைகளின் வழக்கம்.

"ஸ்கூல் பஸ் ஓட்டினவங்க. ஆயுசுல ஒரு தவணை தவறினதில்லையே சார்," என்றான் முதலாளி ஹால்டேனிடம்.

"அதை விடு. கடன் கிடைக்கலைன்னா சட்டம் என்ன சொல்லுது?"

வெஸ்லிக்கு மாநில வாகனச் சட்டம் வேதம் மாதிரி. பெரிய நகரத்திலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவன், இந்த ஊர் மனிதர்களைவிட அந்தப் புத்தகத்தையே நன்றாக அறிந்திருந்தான். "புதுக் காரை வாங்கிக்கணும். அவங்க மாத்திக் கொடுத்த பழைய டிரக்கை, அதே டிரக்கை, திருப்பிக் கொடுக்கணும்."

"சரி, கொடு. எங்க அது?"

அதை வெஸ்லி ஏற்கனவே ஆமோஸ் என்ற சோள விவசாயிக்கு விற்றிருந்தான். கடன் முடிவாகும் வரை பழைய வண்டியை விற்கக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். மாதக் கடைசி விற்பனை அவசரம் வெஸ்லியின் கண்ணை மறைத்துவிட்டது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள அது அந்தம்மா வாசல்ல நிக்கணும். இல்லேன்னா என் லைசென்ஸ் போயிடும். அதுக்கு முன்னாடி நீ போயிடுவே."

வெஸ்லியின் மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம். ஆஸ்பத்திரிக் காப்பீடு இந்த வேலையோடு வந்தது. வேலை போனால் அதுவும் போய்விடும்.

ஆமோஸ் முகத்தில் விழிக்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. திங்கட்கிழமைதான் அவர் டிரக்கோடு வந்து, "ரெண்டாவது கியர்ல கரடியாட்டம் உறுமுது தம்பி, திருப்பி எடுத்துக்கோ," என்று கெஞ்சினார்.

வெஸ்லி அன்று சன்னலில் ஒட்டியிருந்த தாளைத் தொட்டுக் காட்டினான். "'உள்ளது உள்ளபடி'ன்னு போட்டு வித்தது சார். திருப்பிக் கொடுக்கச் சட்டத்துல வழியே இல்ல."

ஆமோஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு, சர்ச்சில் நிற்பவர் மாதிரி அந்தத் தாளைப் பார்த்தார். "அப்ப வித்த வண்டி திரும்பறதுக்கு எந்த வழியுமே இல்லையா?"

வெஸ்லிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. கடன் மறுக்கப்பட்டால் பழைய வண்டி திரும்பும் விதி வரை எல்லாவற்றையும் சிலிர்ப்போடு விளக்கினான். "அடேயப்பா," என்று வாயைப் பிளந்தபடி போனார் ஆமோஸ்.

இன்று அவர் அதே டிரக்கை ஆசையாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பணத்தைத் திருப்பித் தர்றேன் சார்."

"ஐயோ தம்பி, அன்னிக்கு அவசரப்பட்டுட்டேன். இப்ப அந்த உறுமலைக் கேக்காம எனக்குத் தூக்கமே வரதில்ல."

"மேல கொஞ்சம் போட்டுத் தர்றேன்."

"மாடுங்ககூட பழகிடுச்சே."

"பனிக்கால டயர் நாலும் சேத்துத் தர்றேன்."

"டயர் சரி. மாட்டறதுக்கு வண்டி?"

வெஸ்லி திரும்பித் தன் சொந்தக் காரைப் பார்த்தான். ஆமோஸ் ஏற்கனவே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாவிகள் கைமாறின. அப்போதுதான் வேலையிலிருந்து வந்த ஆமோஸின் மனைவி, ஆபீஸ் செருப்பைக்கூடக் கழற்றாமல், தான் சுட்டு வைத்திருந்த சோள ரொட்டியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். "பிரசவம் நல்லபடியா ஆகட்டும்," என்று வாழ்த்தினாள்.

டிரக் வழியெல்லாம் உறுமியது. வெஸ்லிக்கோ மெய்சிலிர்த்தது. என்ன சட்டம் இது. எங்கோ தலைநகரத்தில் எழுதிய ஒரு வரி, முதலாளியை நடுங்க வைத்து, ஒரு விவசாயியின் மனதை இளக்கி, வயதான ஒருத்தியின் வண்டியை அவள் வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்துகிறதே. சொந்தக் கார் போனதுகூட அவனுக்குக் காணிக்கை போலத்தான் தோன்றியது.

வெர்னா அம்மாள் புதுக் காரின் சாவியை மனசே இல்லாமல் நீட்டினார். "இதுல சீட்டெல்லாம் சூடாகுது தம்பி. பனிக்கு எவ்வளவு இதமா இருந்துச்சு. போகட்டும். என் வண்டியை யார்கிட்டேருந்து மீட்டே?"

"ஆமோஸ்கிட்டேருந்தும்மா. தங்கமான மனுஷங்க. அவர் வீட்டுக்காரம்மா ரொட்டிகூட குடுத்தனுப்பினாங்க, சாப்பிடுங்க."

அம்மாள் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டு நிதானமாக மென்றார்.

"கிரெட்டா கை வேலை எப்பவும் சுத்தம். பேங்க்ல என் லோனுக்கு முடியாதுன்னு எழுதினதும் அவதானே."