நுரை வராத குப்பி

இந்த ஒரு காரியத்தை மட்டும் பெண்டாட்டியிடம் சொல்லக் கூடாது என்று கிளீட்டஸ் முடிவெடுத்தான். வாய்விட்டே எடுத்துவிட்டான். அடுத்த அறையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பெண்டாட்டி ஜெபகுமாரி, முறத்தை நிறுத்தி முழுசாகக் கேட்டுக்கொண்டாள்.

கிளீட்டஸ் கொழும்பு ஹோட்டலில் பதினொரு வருசம் மதுக்கூடத்தில் நின்றவன். அங்கே ஊற்றிக் கொடுத்ததோடு சரி, ஒரு வாய் குடித்ததில்லை. கருங்கல்லுக்குத் திரும்பி மூன்று வருசமாக வேலை இல்லை. வீட்டுச் சோறு ஜெபகுமாரி அண்டியாபீசில் முந்திரிக்கொட்டை உடைத்து வருவது. ஆனாலும் தினமும் சாயங்காலம் பனையேறி யேசுரத்தினத்திடம் போய் இரண்டு கலயம் கள் குடித்துத் தள்ளாடி வருவான். கடைத்தெருவே ஒதுங்கி வழிவிடும். மனுசனுக்கு அதில் ஒரு பெருமை.

இப்போது வேலை ஒன்று வந்தது. ரப்பர் தோட்டத்துத் துரைசானிக்குப் பட்லர் வேண்டும். இத்தாலியில் அவள் குடித்த பானத்தைச் செய்து காட்ட வேண்டும். சிவப்புக் கசப்புச் சாராயம், இனிப்பு வைன், ஜின், மூன்றும் சம பங்கு. ஊர் உலகமெல்லாம் அப்படித்தான். துரைசானிக்கோ ஜின்னுக்குப் பதில் நுரைக்கிற வைன் வேண்டும். முதல் இரண்டும் கொழும்புப் பெட்டியில் கிடந்தன. நுரைக்கு எங்கே போக?

ஈஸ்டருக்கென்று ஜெபகுமாரி பரணி ஜாடியில் போட்டிருந்த திராட்சை வைனில் ஒரு குப்பி திருடினான்; அவளிடம் சொல்லக் கூடாத காரியம் இதுதான். ஆப்ப மாவு கள்ளில்தானே பொங்குகிறது, வைன் பொங்காதா? யேசுரத்தினத்திடம் வாங்கிய கள்ளை அதில் ஊற்றி, சர்க்கரை போட்டு, தக்கையைக் கம்பியால் இறுக்கி, வைக்கோல் போருக்குள் ஒளித்தான்.

ஞாயிறு நாலு மணிக்குத் துரைசானி ருசி பார்க்க இவன் வீட்டு வாசலில் ஜீப்பில் வந்து இறங்கினாள்.

"மொகத்தக் கொஞ்சம் திருப்பிக்கிடுங்கம்மா. வெடிக்கும்."

வெடிக்கவில்லை. தக்கை ஒரு சத்தமும் இல்லாமல் கையோடு வந்தது. நுரை என்று ஒரு பொட்டு இல்லை. இருந்தும் கலந்து கொடுத்தான். துரைசானி ஒரு வாய் குடித்தாள். கண் பிதுங்கியது.

"சுண்ணாம்பு!"

கிளீட்டஸ் வாசலைப் பார்த்துக் கத்தினான். "ஏலே யேசுரத்தினம், சதிச்சிட்டியேலே! அம்மா, மூணு வருசமா தெனமும் அவங்கிட்டதான் கள்ளு குடிக்கேன், ஒருநாளும் இப்படிச் செஞ்சதில்ல!"

துரைசானி எழுந்துவிட்டாள். "நீ குடிக்கிறவனா? போன பட்லர் என் குப்பியெல்லாம் காலி செய்தான். குடிகாரன் எனக்கு வேண்டாம்."

வேலை போயிற்று. அப்போதுதான் ஜெபகுமாரி அடுக்களையிலிருந்து வந்தாள்.

"இருங்கம்மா. இவரு குடிகாரரு இல்ல."

"ஏட்டி, நீ என்னத்தக் கண்ட?"

"யேசுரத்தினத்துக்கிட்ட மொத நாளே சொல்லி வச்சவளாக்கும் நான். இவரு வந்தா சுண்ணாம்பு தேச்ச கலயத்து அக்கானியக் குடுன்னு. மூணு வருசமா இவரு குடிச்சது, பச்சப்புள்ளையளுக்குக் குடுக்க அக்கானி, புளிக்காத பதனி."

கிளீட்டஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். "இனிச்சுதேன்னு கேட்டதுக்கு, ஒசத்திக் கள்ளுன்னு சொன்னானே!"

"சொன்னான். நீங்களும் நம்புனிய."

"அப்ப நான் தள்ளாடினது?"

"அத எனக்கிட்ட கேட்டா எப்படி?"

"போன வாரம் ஓடையில விழுந்தேனேட்டி!"

"வழுக்கியிருக்கும்."

சொல்லிக்கொண்டே முந்தானைக்குள்ளிருந்து வேறொரு குப்பியை எடுத்தாள். "நீங்க வைக்கோல்ல ஒளிச்ச அண்ணைக்கே நானும் ஒண்ணு போட்டு வச்சேன். இது ஆப்பத்துக்கு வாங்குன நெசக் கள்ளு."

கம்பியை அவிழ்த்ததும் தக்கை பறந்து கூரை ஓட்டில் இடித்தது. முற்றத்துக் கோழியெல்லாம் அலறின. நுரை பொங்கி வழிய, மூன்றையும் சமமாகக் கலந்து, நாரத்தங்காய்த் துண்டு ஒன்று போட்டு நீட்டினாள். கிளீட்டஸ் கிளாசை எட்டிப் பார்த்தான்.

"அளவு ஒனக்கு எப்படிட்டி தெரியும்?"

"சோறு திங்க இருந்தா இந்தக் கதையத்தான சொல்லுதிய. மூணு வருசம் கேட்டா கோழிக்கும் தெரியும்."

துரைசானி கண்ணை மூடிக் குடித்தாள். கண்ணைத் திறந்தபோது பார்த்தது ஜெபகுமாரியைத்தான். "நீ நாளைக்கே வா. நீதான் என் பட்லர்."

"வாறேம்மா. இவருக்கும் ஒரு வேல..."

"கிளாஸ் கழுவ ஆள் வேண்டும். குடிக்காத ஆள்."

"அதுக்கு நான் ஜாமீன். ஒரு சொட்டு தொட்டதில்ல. அவருக்கே இப்பதான் தெரியும்."

"நான் குடிகாரனாக்கும்!" கிளீட்டஸ் நெஞ்சில் அடித்துக் கத்தினான். "கருங்கல் சந்தையில யாருகிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க!"

துரைசானி நம்பவில்லை. குடித்து முடித்த கிளாசைக் கழுவச் சொல்லி அவன் கையில் கொடுத்தாள்.