சக்கரவர்த்தியின் பத்து நாள் நடை

“பத்தே நாள். பதினோராம் நாள் காலையில வண்டிச் சாவி என் கையில இருக்கும்!” என்று சக்கரவர்த்தி சபதம் செய்தார். கட்டிலில் படுத்துக்கொண்டுதான் செய்தார்.

புளியமரத்திலிருந்து விழுந்து, வேலூரில் இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டு, ஜவ்வாது மலைக்குத் திரும்பி மூன்று மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அவருடைய மொபெட் சாவி மனைவி திரௌபதியின் இடுப்பில். வண்டியோ நாலு வீடு தள்ளி ஈஸ்வரியின் மாட்டுக்கொட்டகையில். கண்ணில் பட்டால் ஏறி உட்கார்ந்துவிடுவார் என்று ஏற்பாடு. ஆலங்காயம் சந்தையைப் பார்க்காமல் சக்கரவர்த்திக்குச் சோறே இறங்கவில்லை. வேளைக்கு இரண்டு தட்டுதான் இறங்கியது.

உடற்பயிற்சி சொல்லித்தரும் கீதாஞ்சலி போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். “தினமும் கைத்தடியோட ரெண்டாயிரம் அடி நடக்கணும் ஐயா. விடாம பத்து நாள் நடந்துட்டா, டாக்டர்கிட்ட கேட்டு வண்டிக்கு அனுமதி வாங்கித் தர்றேன். ஒரு நாள் குறைஞ்சாலும் மறுபடி முதல்ல இருந்துதான்.”

எண்ணும் வேலை செல்போனுடையது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தால் ஒவ்வோர் அடியையும் அது எண்ணிவிடும். சாயங்காலம் திரௌபதி கண்ணாடி போட்டு எண்ணைப் படித்து, கீதாஞ்சலிக்குச் சொல்வாள்.

முதல் நாள் சக்கரவர்த்தி நிஜமாகவே நடந்தார். எதிரே பக்கத்து வீட்டு ராஜ்குமார் வந்தான்.

“எங்க மாமா கெளம்பிட்டீங்க?”

“நடக்கப் போறேன்.”

“அதான், எங்க?”

“அந்தப் பலாமரம் வரைக்கும்.”

“மரத்தாண்ட இன்னா வேலை?”

“ஒரு வேலையும் இல்ல. தொட்டுட்டுத் திரும்பிடுவேன்.”

ராஜ்குமார் அவரை ஏற இறங்கப் பார்த்தான். “வூட்ல எதுனா சண்டையா மாமா?”

அந்த ஊரில் காரியம் இல்லாமல் யாரும் கால் எடுத்து வைப்பதில்லை. எதிரே வருபவரை எங்கே போகிறீர்கள் என்று கேட்காமல் விடுவதும் இல்லை. நாலாவது ஆள் கேட்டபோது, மானம் போகக்கூடாதென்று “ஆட்டைக் காணோம்” என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். பாதி ஊர் ஆடு தேடக் கிளம்பியது. என்ன நிறம் என்று கேட்டார்கள். இல்லாத ஆட்டுக்குக் கறுப்பு நிறம் கொடுத்தார். அரை மணி நேரத்தில் தெருக்கோடி வீட்டுப் பூங்கோதை யாருடையதோ ஒரு கறுப்பு ஆட்டை இழுத்துக்கொண்டு வந்து, “இந்தாங்க மாமா, கட்டிப் போடுங்க” என்று நீட்டினாள்.

சக்கரவர்த்தி வீட்டுக்கு வந்து படுத்தார். செல்போன் நானூறு காட்டியது. அவர் மூளை மட்டும் பத்தாயிரம் அடி நடந்தது.

திரௌபதி தினமும் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியுள்ள மகளிர் குழுக் கொட்டகைக்குப் புளி தட்டிக் கொட்டை எடுக்கப் போகிறாள். தோளில் துணிப்பை. பையில் சோற்று டப்பா, அதன் அடியில் உட்கார ஒரு கோணி. அந்தக் கோணிக்குள் செல்போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டால்?

வைத்தார். சாயங்காலம் அவள் முகம் கழுவும்போது எடுத்தார்.

“நாலாயிரத்து ஐந்நூறா!” திரௌபதி மூக்கில் விரல் வைத்தாள். “இன்னாங்க, ஒரே நாள்ல இப்டி நடந்துட்டீங்க?”

“மனசு வச்சா எல்லாம் நடக்கும்.”

“கால் வலிக்கலையா?”

“எனக்கு எப்டி வலிக்கும்?” என்றார் சக்கரவர்த்தி. அதில் பொய்யே இல்லை.

நடந்த உடம்புக்கு வேண்டுமென்று இரண்டு முட்டை அவித்துத் தந்தாள். இப்படியே ஏழு நாள் ஓடியது. பதினான்கு முட்டை.

எட்டாம் நாள் செல்போன் காட்டியது எண்பத்து நாலு.

“அய்யய்யோ, மறுபடி முதல்ல இருந்தா!” என்று திரௌபதி கன்னத்தில் கை வைத்தாள். “இன்னிக்கு ஏன் நடக்கல?”

“அதை நான்தான் கேக்கணும்! நீ குழுவுக்குப் போவலையா?”

“போனேனே.”

“நடந்துதானே போன?”

“நான் எப்டிப் போனா உங்களுக்கு இன்னா? உங்க கால் வேற, என் கால் வேற.”

சக்கரவர்த்தி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாளும் போனைக் கோணிக்குள் வைத்தார். ஆனால் மனசு கேட்கவில்லை. அவள் கிளம்பியதும் கைத்தடியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தார். திரௌபதி நேராக ஈஸ்வரியின் மாட்டுக்கொட்டகைக்குள் நுழைந்தாள். உள்ளே படபடவென்று ஒரு சத்தம். அவருடைய மொபெட் வெளியே வந்தது. மேலே திரௌபதி. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஹாரனை இரண்டு முறை அடித்து, சாலையில் மறைந்தாள்.

“ஏய்! என் வண்டி!”

சக்கரவர்த்தி நடந்தார். தடியை ஊன்றி, மூச்சு வாங்கி, நிழல் கண்ட இடத்தில் நின்று, மறுபடி நடந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்ட ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. குழுக் கொட்டகை வாசலில் போய் நின்றபோது சட்டை நனைந்திருந்தது.

புளி தட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்கள்.

திரௌபதி அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு கோணியை உதறினாள். செல்போன் விழுந்தது.

“மொத நாளே தெரியுங்க. கோணியை விரிக்கும்போதே கையில தட்டுச்சு.”

“அப்ப ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க நடப்பீங்களா? ஈஸ்வரி தினம் சாயங்காலம் வண்டி சொல்லிக் குடுத்தா. நான் நடக்கிறதை நிறுத்தினா நீங்க எழுந்து வருவீங்கன்னு தெரியும். வந்துட்டீங்க பாருங்க!”

சக்கரவர்த்திக்குக் கோபப்படத் தெம்பில்லை. “சரி, இன்னிக்கு நான் நடந்தது நிஜம். கீதாஞ்சலிக்கு போன் போடு.”

போட்டாள். அந்தப் பக்கம் கீதாஞ்சலி நிதானமாகக் கேட்டாள். “ரொம்ப சந்தோஷம் ஐயா. போன்ல எவ்ளோ காட்டுது?”

நாற்பத்தொன்று காட்டியது.

“வண்டியில பின்னால உக்காந்தாவது வூட்டுக்குப் போலாமா?” என்றார் அவர் ஈனக்குரலில்.

“இன்னும் கொஞ்ச நாள் கூடாதுங்க. வெயில் தாழ்ந்ததும் மெதுவா நடந்தே போங்க” என்றாள் கீதாஞ்சலி.

திரௌபதி செல்போனை அவர் சட்டைப் பையில் போட்டாள். சாயங்காலம் வரை அவர் கொட்டகையில் படுத்து இளைப்பாறினார். பிறகு அவர் நடக்க, அவள் பக்கத்திலேயே வண்டியை நடைவேகத்தில் ஓட்டி வந்தாள். வீட்டு வாசலில் அவரே போனை எடுத்து நீட்டினார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

“படி, எவ்ளோன்னு படி!”

திரௌபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். “ரெண்டாயிரத்து அறுநூத்துப் பதினொண்ணு. சபாஷ்!” என்று சாவியை இடுப்பில் இன்னும் இறுக்கிச் செருகினாள். “முதல் நாள்.”