சுல்தானின் காலில் எடுத்த தகடுகள்

சுல்தானின் முன்வலது காலில் இருந்து அந்தக் கிழமை மட்டும் பதினொரு செப்புத் தகடுகள் எடுக்கப்பட்டன. சுல்தான் ஒரு குதிரை. கல்முனைக்குடியில் பளீல் என்பவரின் வளவில் நின்றது. தகடு எடுத்தவர் தகட்டப்பா. ஊரில் பாதிப் பேர் நேரில் பார்த்தார்கள், மீதிப் பாதி கைபேசியில் பார்த்தார்கள். நற்பிட்டிமுனையில் வெள்ளாமை வேலையைப் போட்டுவிட்டு லேண்ட்மாஸ்டர் உழவு மெசினில் வந்தவர்களும் உண்டு. மதம் பார்த்து யாரும் ஏமாறவில்லை. அந்த விஷயத்தில் எங்கள் கரையோரத்து ஒற்றுமையை யாரும் குறை சொல்ல முடியாது.

தகட்டப்பா எந்த ஊர் என்று கல்முனையில் கேட்டால் பாலமுனை என்றார்கள். பாலமுனையில் கேட்டால் கல்முனை என்றார்கள். அற்புதம் செய்கிறவர்களுக்கு ஊர் இருப்பதில்லை.

பளீல் கட்டாரில் பத்து வருடம் லொறி ஓட்டியவர். அந்த உழைப்பையெல்லாம் போட்டு, நுவரெலியாப் பக்கம் இந்த வெளிநாட்டுச் சாதிக் குதிரையை வாங்கினார். முழங்காலுக்குக் கீழே மயிர் அடர்ந்து குளம்பை மூடித் தொங்கும், நாலு காலுக்கும் பாவாடை கட்டிவிட்டது போல. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அந்தக் கால்களைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். பளீலும் அவற்றைக் கண்ணாகக் காத்தார். தான் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழுச் செய்யும்போதெல்லாம் சுல்தானுக்கும் கால் கழுவினார். ஐந்து வேளையும் தவறவில்லை. கழுவிய காலோடு அது சீமெந்துத் தரையில் நின்றது. மாரி பிறந்ததும் நொண்டியது. குளம்புக்கு அடியில் கறுப்பாக ஒழுகியது. நாற்றம் அடுத்த ஒழுங்கை வரை போனது.

நாற்றம் வந்தால் ஜின்தான். வேறு என்னவாக இருக்க முடியும்?

தகட்டப்பா வந்தார். கண்ணை மூடி ஓதினார். கால் மயிருக்குள் கையை விட்டார். தகடோடு கையை எடுத்தார்.

"செய்வினை," என்றார். "தெக்குப் பக்கம் குடியிரிக்கிற ரத்த உறவு செஞ்சது. இந்த மயிர்ல கத்தி படப்படா. பட்டா ஜின் ஊட்டுக்குள்ள ஏறிரும்."

ஓதிய தண்ணீரில் துணியை நனைத்துக் காலில் சுற்ற வேண்டும், காயக் காய நனைக்க வேண்டும் என்பது மருந்து. தகட்டுக்கு ஒரு கறுத்தச் சேவல் என்பது காணிக்கை. நனைக்க நனைக்கக் கால் மேலும் அழுகியது. அழுக அழுக ஜின்னின் பலம் ஊருக்கு விளங்கியது. பதினோராவது தகட்டை எடுத்த கையோடு, "காலுக்குள்ள இன்னும் ஏழு இரிக்கி," என்றார் தகட்டப்பா. ஏழு சேவலுக்கு ஆள் ஓடியது.

தெற்குப் பக்கம் குடியிருந்தவர் பளீலின் கூடப்பிறந்த ராத்தா றிபா. தையல் மெசினை மிதித்து இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவர். தைக்கக் கொடுத்த துணிகளை ஊரார் தைக்காமலே திருப்பி வாங்கினார்கள். சூனியக்காரி தைத்த சட்டையை யார் போடுவது? அதைக்கூட றிபா பொறுத்துக்கொண்டார். தூக்கி வளர்த்த தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஒரு நாள் முழுக்க அழுதார். அடுத்த நாள் காலை, மாட்டு டொக்டர் யதுசாவைக் கையோடு கூட்டிக்கொண்டு தம்பியின் வளவுக்குள் நுழைந்தார்.

டொக்டர் ஈரத் துணியை அவிழ்த்தார். குளம்பைத் தூக்கி, அடிப்பிளவைச் சுரண்டிக் காட்டினார்.

"இது குளம்பழுகல், நானா. ஈரமும் ஊத்தையும் சேந்து வாறது. நீங்க ஒழுச் செஞ்சா துவாயால துடைக்கிறீங்க. இதுட கால ஆர் துடைச்ச?"

டொக்டர் குளம்பை மெதுவாகக் கீழே விட்டார்.

"மயிரை ஒட்ட வெட்டோணும். அழுகினதச் சீவி எடுத்து, உப்புத்தண்ணியால தேச்சு, நல்லாக் காய வெச்சு மருந்து போடுவம். காஞ்ச மணல்ல கட்டுங்க. ஒவ்வொரு நாளும் குளம்பைத் தூக்கிச் சுத்தம் பண்ணுங்க. இப்பிடியே விட்டா இது எழும்பி நிக்காது."

"மயிர வெட்டினா ஊர்வலத்துக்கு ஆரு கூப்பிடுவாங்க, டொக்டர்?"

"மயிர் முளைக்கும், நானா. கால் முளைக்காது."

றிபா துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தார்.

"பளீல், காலுக்குள்ள ஏழு தகடு இரிக்கெண்டுதானே அவர் சொன்ன? மயிருக்குள்ள எண்டு சொல்லல்லயே. பின்னேரம் வந்து மொட்டக் கால்ல ஒண்டே ஒண்டு எடுத்துக் காட்டட்டும். எடுத்தா, நான்தான் செஞ்சனெண்டு சபைக்கு முன்னால ஒத்துக்கிறன்."

பளீல் குதிரையைப் பார்த்தார். அது வலது காலை நிலத்தில் ஊன்ற முடியாமல் நின்றது. கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "வெட்டு ராத்தா," என்றார்.

பின்னேரம் வளவு நிறைந்தது. தகட்டப்பா நாலு மொட்டைக் கால்களையும் பார்த்தார். பிறகு ஓதினார். அரை மணித்தியாலம் ஓதினார். தகடு வரவில்லை.

"ஒரு பெட்ஷீட் கொண்டாங்க. கால மூடோணும்."

"என்னத்துக்கு?" என்றார் பளீல்.

"ஜின் வெக்கப்படும்."

பதினொரு தடவை கைபேசிகளுக்கு முன்னால் தன் வேலையைக் காட்டிய ஜின்னுக்கு அன்று பார்த்து வெட்கம் வந்துவிட்டது.

"மூட வேணாம்," என்றார் றிபா. "உங்கட ஜுப்பாக் கைய மடிச்சு உட்டுட்டு எடுங்க."

"நீ ஆரு புள்ள?"

"நோம்புக்கு முந்தி ஆள் அனுப்பி ஒரு ஜுப்பா தைச்சீங்க. வலது கைக்குள்ள நாலு விரல் அகலத்துல பொக்கட் ஒண்டு கேட்டீங்க, தஸ்பீஹ் மணி வெக்க எண்டு. இதான் அந்த ஜுப்பா. தைச்சது நான். தெக்குப் பக்கத்து ரத்த உறவும் நான்தான்."

இத்தனை வீடுள்ள ஊரில் தன் தையல்காரியையே பார்த்துச் சூனியக்காரி ஆக்கியிருந்தார் தகட்டப்பா. மறைவானதெல்லாம் அறிந்தவருக்கு அது மட்டும் தெரியாமல் போயிருந்தது.

கையைப் பிடித்து மடித்தவர் பளீல்தான். தகடுகள் நிலத்தில் விழுந்தன. எண்ணிப் பார்த்தார்கள். ஏழு. சொன்ன சொல் தவறாத மனிதர். பொலிஸ் வரும் வரை அவரைச் சேவல் கூட்டுப் பக்கமாக உட்கார வைத்தார்கள்.

"ராத்தா..." என்று பளீல் தொடங்கினார்.

"பிறகு கதைப்பம்," என்றார் றிபா. அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "முதல்ல அதுட காலத் துடை."

தம்பி குனிந்து துடைத்தார். ராத்தா உப்பைக் கரைத்து வாளியைத் தள்ளி வைத்தார். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு வெறும் போத்தலோடு வந்தார் நஜ்லா. றிபாவிடம் கொடுத்த துணியை முதல் ஆளாகத் திருப்பி வாங்கிப் போனவர் அவர்தான்.

"ராத்தா, அந்த உப்புத்தண்ணில கொஞ்சம் ஊத்தித் தாங்களன். உங்கட கையால தந்தா எங்கட மகன்ட முட்டுக்கால் நோவுக்கும் கேக்கும்."

நஜ்லாவுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து போத்தல்கள் வரிசைக்கு வந்துவிட்டன.

றிபா போத்தல்களைப் பார்த்தார். பிறகு அவற்றைப் பிடித்திருந்தவர்களைப் பார்த்தார்.

"குதிரைக்குக் கால்தான் அழுகினது, நஜ்லா. நமக்கு எங்க அழுகினதெண்டு ஊட்ட போய் யோசிச்சுப் பாருங்க."