நோயாளி வேடத்துக்கு நான் பொருத்தமில்லையாம்

அன்பும் மரியாதையும் குறையாத அக்காவுக்கு, உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது.

நான் நலம். அதுதான் இப்போது பிரச்சினையே, விவரம் கீழே வருகிறது. நீயும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். அத்தானின் நலத்தைக் கேட்க வேண்டியதில்லை, போன வாரம் பள்ளிக்கூடத்தில் நேரிலேயே பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தார், என்னைப் பார்த்த பிறகுதான் முகம் சுண்டிப் போனது. அவர் வீட்டில் இருக்கும்போது போன் செய்யாதே என்று சொல்லியிருக்கிறாய். அவர் எப்போது இருப்பார், எப்போது இருக்க மாட்டார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதனால் கடிதம். இதையும் அவரே பிரித்துப் படித்தால் அவருக்கும் என் வணக்கம்.

பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது நீ சொன்னாயே, நாடகத்தை அடுத்த மாதம் மறுபடி போடப் போகிறார்கள், கோபத்தை விட்டுவிட்டு அந்த நடிகருக்கு இன்னொரு தடவை சொல்லிக் கொடு என்று. அதற்குப் பதில்: முடியாது. அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் இனி தலைவைத்துப் படுக்க மாட்டேன். ஏன் என்று முதலிலிருந்து சொல்கிறேன், அத்தான் உன்னிடம் வேறு மாதிரிச் சொல்லியிருப்பார்.

பாப்பா படிக்கிற பள்ளியில், அவள் வகுப்பையும் சேர்த்து, பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு எச்.ஐ.வி. வராமல் காத்துக்கொள்வது எப்படி என்று சொல்லித்தர மேலிடத்து உத்தரவு வந்தது. பள்ளி மட்டும் செய்தால் போதாது, ஊரும் சேர வேண்டும் என்று அதில் இருந்ததாம். உடனே ஒரு கூட்டுக் குழு போட்டார்கள். பள்ளியின் சார்பில் தலைமையாசிரியையும் விளையாட்டு வாத்தியாரும். ஊரின் சார்பில் பெற்றோர் சங்கத் தலைவரான நம் அத்தானும், வியாபாரிகள் சங்கச் செயலாளரான பெயிண்ட் கடைக்காரரும். சுகாதார நிலையத்திலிருந்து எனக்கு மாதாமாதம் மாத்திரை தருகிற நர்ஸ். இவர்களில் விஷயம் தெரிந்தவர் நர்ஸ் மட்டும்தான், அதனால் கூட்டத்தில் அவரைப் பேச விடுவதில்லை. அவர்தான் எப்படியோ இடையில் புகுந்து என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். "இதோட வாழ்ந்துக்கிட்டு, தினம் வேலைக்குப் போய்க்கிட்டு இருக்கிற ஒருத்தர் வந்து பேசினா பிள்ளைங்க காது குடுத்துக் கேப்பாங்க" என்று. எனக்கும் ஆசையாக இருந்தது அக்கா, மறைப்பானேன். பள்ளியை விட்டு வந்த கொஞ்ச காலத்தில்தான் எனக்கு இது தொற்றியது. அதற்கு முன்னால் யாராவது ஒருத்தர் வகுப்புக்கு வந்து கூச்சப்படாமல் நாலு வார்த்தை சொல்லியிருந்தால் என் கதை வேறாக இருந்திருக்கும். அந்த ஒருத்தராக நான் இருக்கலாமே என்று நினைத்தேன், புதுச் சட்டை கூட எடுத்தேன்.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, முதலாளியிடம் பல்லைக் காட்டி லீவு வாங்கிக்கொண்டு, தலைமையாசிரியை அறைக்குப் போனேன். அத்தான் என்னைப் பார்த்து, "நீங்க எந்த ஏரியா?" என்று கேட்டார். என் சொந்த அக்கா புருஷன். நானும் மரியாதையாக ஏரியாவைச் சொன்னேன். பெயிண்ட் கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பேஷண்ட் வரலையா?"

"நான்தாங்க."

"நீங்களா? கொழுகொழுன்னு இருக்கீங்க?"

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். அந்தக் கண்ணாடி நான் தேய்த்ததுதான், தெளிவாகத்தான் தெரிந்திருக்கும். "தப்பா நெனைக்காதீங்க. உங்களப் பாத்தா பிள்ளைங்களுக்கு ஒரு பயமே வராதே" என்றார். தினமும் மாத்திரை போடுகிறேன், ரத்தத்தில் கிருமி இப்போது கணக்கிலேயே தெரிவதில்லை, என்னிடமிருந்து யாருக்கும் தொற்றாது என்று டாக்டரே சொல்லிவிட்டார், இதைச் சொன்னால் பிள்ளைகள் பயப்படாமல் டெஸ்ட் எடுக்க வருவார்கள் என்று நான் சொல்லச் சொல்ல அவர்கள் முகம் தொங்கிப் போனது. நல்ல செய்தி சொல்ல வந்த நான் துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பெயிண்ட் கடைக்காரர் ஆறுதலாகக் கேட்டார்: "கொஞ்சம் இளைக்க முடியுமா?" முடியாது என்றேன். சரி, தகவல் சொல்வோம் என்று அனுப்பிவிட்டார்கள். வாசல்வரை போனவன் குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன். நான் உட்கார்ந்திருந்த நாற்காலி முற்றத்தில் வெயிலில் கிடந்தது, பக்கத்தில் பியூன் காவல் நின்றார். என்ன என்றேன். "தெரியல சார், காயப் போடச் சொன்னாங்க. நனைஞ்ச மாதிரியும் தெரியல" என்றார். குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்குப் பதிலாகக் குழு ஒரு நடிகரைப் பிடித்தது. நாடகக் குழுவில் பிணமாகவும் பசியில் சாகிறவராகவும் நடிக்கிறவர், பிறவியிலேயே ஒல்லிப்பிச்சான். அவருக்கு வியாதியைச் சொல்லிக் கொடு என்று என்னிடமே அனுப்பினார்கள். கடைக்கு வந்து, லென்ஸ் தேய்க்கிற மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஆர்வமாகக் கேட்டார்.

"அண்ணே, எங்க வலிக்கும்?"

"எங்கயும் வலிக்காதுப்பா."

"அப்ப எதப் பிடிச்சுக்கிட்டு நடிக்கிறது?"

காலையில் எழுந்திருக்கிறேன், மாத்திரை போடுகிறேன், வேலைக்குப் போகிறேன், சாயங்காலம் கிரிக்கெட் பார்க்கிறேன் என்றேன். "இத யாருண்ணே உக்காந்து பாப்பாங்க?" என்று வருத்தப்பட்டார். பாவம், நல்ல மனுஷன். போகும்போது ஒன்றே ஒன்று ஒழுங்காகக் கேட்டார்: மொத முதல்ல தெரிஞ்ச அன்னிக்கு எப்படி இருந்துச்சு? சொன்னேன். ஆஸ்பத்திரி படிக்கட்டில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் செய்தேன், "வீட்டுக்கு வராதேடா, பாப்பா சின்னப் புள்ள" என்று அக்கா சொன்னாள், அதற்குப் பிறகு எழுந்திருக்கத் தோன்றவில்லை என்று. நடிகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "இத மேடையில சொல்ல முடியாதுண்ணே, இருமிடறேன்" என்றார். உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. குத்தினால் குத்தட்டும்.

வசனத்தை நானும் நர்ஸும் எழுதிக் கொடுத்தோம். அதைக் குழு கூடித் திருத்தியது. ஆணுறை என்று நர்ஸ் எழுதிய இடத்தில் எல்லாம் 'தகுந்த முன்னெச்சரிக்கை' என்று மாற்றினார்கள். நாடகம் முடிந்த பிறகு ஒரு பையன் எழுந்து, அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டான், பெயிண்ட் கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அது போகட்டும். அதைவிட முக்கியமாக ஒன்று எழுதியிருந்தோம். பாதுகாப்பில்லாமல் ஏதாவது நடந்துவிட்டால், அது ஆசைப்பட்டு நடந்ததோ, யாராவது மிரட்டி நடந்ததோ, மூன்று நாளுக்குள் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் தொற்றாமல் தடுக்க மருந்து இருக்கிறது. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இதைப் படித்ததும் அத்தான் பேனாவை எடுத்தார். "மருந்து இருக்குன்னு சொன்னா தைரியம் வந்துரும். நம்ம பிள்ளைங்க அப்படிப்பட்ட பிள்ளைங்க இல்ல" என்று மேலிருந்து கீழாக ஒரே கோடு போட்டார். நம்ம பிள்ளைகள் அப்படிப்பட்ட பிள்ளைகள் இல்லை என்றால் எதற்கு அத்தான் கூட்டம், எதற்கு நாடகம், எதற்கு எல்லோருக்கும் பிஸ்கட் என்று நான் கேட்கவில்லை. என்னைக் குழுவில் பேச அனுமதிக்கவில்லை, வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாடகத்தன்று என்னை லைட்காரன் என்று சொல்லி மண்டபத்தில் கடைசியில் உட்கார வைத்தார்கள். லைட்டின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கூட எனக்குத் தெரியாது. நடிகர் இருமினார். தள்ளாடினார். திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு மறுபடி இருமினார். கடைசியில் விழுந்து செத்தார், பிள்ளைகள் கைதட்டினார்கள், தலைமையாசிரியை அழுதார், நர்ஸ் தலையில் கைவைத்துக்கொண்டார். செத்தவர் எழுந்து வணக்கம் சொல்ல வந்தபோது முன்வரிசையில் இருந்த குழு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தது. காசு கொடுத்து அவரை அழைத்து வந்ததே இவர்கள்தான். எல்லோருக்கும் கண்ணாடி டம்ளரில் டீ வந்தது, நடிகருக்கு மட்டும் பேப்பர் கப். பிறகு சந்தேகம் கேட்கலாம் என்றார்கள். ஒரு பிள்ளை எழுந்து, "தப்பா ஏதாவது நடந்துட்டா உடனே என்ன சார் பண்ணணும்?" என்று கேட்டது. நடிகருக்கு அத்தான் விட்டுவைத்த வசனத்தில் அதற்குப் பதில் இல்லை. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "லைட்காரரக் கேளுங்க, அவருக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று என்னைக் காட்டினார். நான் எழுந்தேன் அக்கா. வாயைத் திறந்தேன். அத்தான் விளையாட்டு வாத்தியாரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், வாத்தியார் விசிலை ஊதினார், பழகிப் போன பிள்ளைகள் வரிசையாக நின்று வெளியே நடந்துவிட்டார்கள். திறந்த வாய் திறந்தபடி நான் நின்றேன்.

இன்னும் கேள். நடிகர் குடியிருக்கும் வீட்டுக்காரரின் மகள் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள். மறுநாளே வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். நடிப்புதான் என்றால், "அவ்வளவு தத்ரூபமா எப்படி வரும்?" என்று கேட்டாராம். தலைமையாசிரியையிடம் ஒரு சான்று கேட்டுப் போனார் நடிகர், எதற்கும் டெஸ்ட் எடுத்து வாருங்கள் என்று அவர் ஜன்னல் வழியாகவே சொல்லி அனுப்பினார். எடுத்தார், ஒன்றும் இல்லை என்று வந்தது. அதைக் கொண்டுபோய் வீட்டுக்காரரிடம் காட்டினால், "ஒண்ணும் இல்லைன்னா ஏன் டெஸ்ட் எடுத்தே?" என்கிறார். இப்போது அவர் பெட்டி படுக்கையோடு என் அறையில் இருக்கிறார். இருமல் பழகிவிட்டது, நிறுத்த முடியவில்லை. அக்கம்பக்கத்தார் என்னிடம் வந்து, "தம்பி, நீங்க ஆரோக்கியமா இருக்கீங்க, எதுக்கு இந்த ஆளோட?" என்று புத்தி சொல்கிறார்கள்.

ஆகவே அக்கா, என்னை விட்டுவிடு. பள்ளியும் ஊரும் கைகோத்த லட்சணத்தைப் பார்த்தாயிற்று. அத்தானிடம் சொல், தம்பி இனி அந்த விஷயத்தில் வாயைத் திறக்க மாட்டான், அவர்கள் நிம்மதியாக இருக்கட்டும். நீ உடம்பைப் பார்த்துக்கொள். பாப்பாவுக்கு என் ஆசியும் அன்பும். அத்தானுக்கு அவர் ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு மட்டும் மரியாதை.

இப்படிக்கு,
பஸ் ஸ்டாண்டில் மட்டும் உனக்குத் தம்பியாக இருப்பவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் சீருடையோடு ஒரு பிள்ளை கடைக்கு வந்தது. கண்ணாடியில் திருகு கழன்றுவிட்டது என்று நீட்டியது. திருகு கெட்டியாகத்தான் இருந்தது. முதலாளி சாப்பிடப் போகும்வரை துடைத்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு மண்டபத்தில் எழுந்த அதே கேள்வியைக் கேட்டது, நானும் சொல்ல வந்த அதே பதிலைச் சொன்னேன். மூன்று நாள் என்றதும் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தது. "அன்னிக்கே சொல்லியிருந்தா சரியா இருந்திருக்கும்" என்றது. அழவில்லை, என்னைக் குறை சொல்லவும் இல்லை.

நாளைக்கு நர்ஸிடம் கூட்டிப் போகிறேன். போனில் கேட்டேன், ஒன்றும் இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்கிறார் நர்ஸ். தொற்றியிருந்தாலும் மாத்திரை இருக்கிறது, நான் இருக்கிறேன். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. நான் வருகிறேன். அத்தான் வேண்டாம் என்றாலும் வருகிறேன், மேடை தராவிட்டால் வாசலில் நின்று சொல்கிறேன்.

அந்தப் பிள்ளை யார் என்று கேட்காதே. நம்ம பாப்பாவா என்றும் கேட்காதே. இல்லை என்று நான் சொன்னால் அத்தான் மறுபடி விசில் ஊதச் சொல்வார். ஆமாம் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. இந்தக் கடிதம் கிடைக்கிற அன்றைக்கு வீட்டுக்கு வருகிற பிள்ளையை எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வை. அந்தப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லோருக்கும் இதையே எழுதியிருப்பேன். எனக்குத் தெரிந்த விலாசம் உன்னுடையது ஒன்றுதான்.