மனைவியருக்கான வாசகம்

"அடுத்த மாசத்துலேர்ந்து மருந்துக்கடையில வேலைக்குப் போறேன்" என்றாள் மனைவி, துணி மடித்தபடியே.

தையற்காரர் கோர்த்துக்கொண்டிருந்த நூல் ஊசிக்காதை விட்டு விலகியது. "போக வேண்டாம்" என்றார்.

"சரி, யோசிக்கிறேன்."

அவள் யோசிக்கிறேன் என்றால் முடிவெடுத்துவிட்டாள் என்று பொருள். வாதாடி ஜெயித்த சரித்திரம் அவருக்கு இல்லை.

அப்போதுதான் மாதா கோயில் காலண்டர் கண்ணில் பட்டது. ஞாயிறு பூசையில் படிக்கும் பைபிள் வாசகங்கள் மூன்றாண்டுக்கு ஒரு சுற்று. மனைவியர் கணவருக்குப் பணிந்து நடக்கவேண்டும் என்கிற வாசகம் இந்த ஞாயிறு வருகிறது. விட்டால் மூன்று வருஷம் போய்விடும். அதைத் தன் வாயாலேயே அவள் காதில் போட்டுவிட வேண்டும்.

ஆனால் அன்று வாசிக்கும் முறை மருந்துக்கடைக்காரருடையது.

"இந்த வாரம் எனக்கு விட்டுக்கொடுங்களேன்" என்று அவரிடம் கேட்டார்.

"ஏன் திடீர்னு?"

"சும்மா, பக்திதான்."

யோசித்துச் சொல்வதாகப் போனவர் சாயங்காலம் வந்தார். "தர்றேன். பதிலுக்குப் பாடகர் குழுவுக்கு அங்கி தைச்சுக் கொடுங்க. ஞாயித்துக்கிழமை போட்டுக்கணும்."

தையற்காரர் தலையாட்டிவிட்டார். துணியை வெட்டிய பிறகுதான் ஒற்றை ஆளால் முடியாது என்று தெரிந்தது. மனைவியைக் கூப்பிட்டார்.

"தைக்கலாம். அப்ப சமையல் யாரு?"

அவர் சமைத்தார். அடிப்பிடித்த பாத்திரத்தையும் அவரே தேய்த்தார். சனிக்கிழமை துணி துவைத்தார். எல்லாம் ஒரு வாசகத்துக்காக என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஞாயிறு. புது அங்கியில் பாடகர்கள் பளிச்சென்று நின்றார்கள். மனைவி முன்வரிசையில். தொண்டையைக் கனைத்து, ரிப்பன் வைத்திருந்த பக்கத்தைத் திறந்து கணீரென்று வாசித்தார். கணவர் மனைவியை நேசிக்க வேண்டும். தன் உடலைப்போல் பேணிக் காக்க வேண்டும். மேலே தேடினார், கீழே தேடினார். மனைவியருக்கான வரியைக் காணோம். குரல் இறங்கிவிட்டது. மனைவி கண்களை மூடி பக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்ததும், வாசக நூலை எடுத்துவைக்கும் கோயில்பிள்ளையைப் பிடித்தார். "புத்தகத்துல பாதியைக் காணோமே."

"அதெல்லாம் எங்கயும் போகலைங்க. இந்த ஞாயித்துக்கு நீளமா ஒண்ணு, சுருக்கமா ஒண்ணு, ரெண்டு உண்டு. எதை வேணா வாசிக்கலாம். சுருக்கம் கணவர்லேர்ந்துதான் ஆரம்பிக்கும்."

"சுருக்கத்தை வைக்கச் சொன்னது யாரு, ஃபாதரா?"

"ஃபாதர் சரின்னார், அவ்வளவுதான். கேட்டது உங்க வீட்டுக்காரம்மா. வாசகத்தை அவருக்கு விட்டுக்கொடுங்க, பதிலுக்கு அங்கி தைக்கச் சொல்லுங்கன்னு மருந்துக்கடைக்காரர்கிட்ட சொல்லிவெச்சதும் அவங்கதானே?"